ஏழாவது பெயர்

நீரோடியில் கடல் தின்றது போக
மிச்சம் ஒரு மைதானம், அதற்கொரு மேற்குச் சுவர்.
ஆட்டத்தை விட்டவர்களில் ஏழு பேரை
அதில் எழுதுவதாகத் தீர்மானம்.
ஏன் ஏழு என்றால்
சுவர் அவ்வளவுதான்.

விதி ஒன்று: ஆடி நிறுத்தி ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும்.
விதி இரண்டு: சொந்தக்காரனுக்கு வாக்களிக்கக் கூடாது.
இரண்டாவதைக் கால் மணி நேரத்தில் அடித்துவிட்டோம்.
வாக்களிக்க ஆள் மிஞ்சவில்லை.

ஆறு பெயர் டீ வருமுன் முடிந்தது.

ஏழாவதற்கு கிளீட்டஸ் என்றது ஜன்னலோர பெஞ்சு.
பதினாறு வருடம், நூற்றுப் பன்னிரண்டு கோல்.
"எண்ணினது ஆரு?" என்றான் ரூபஸ்.
எண்ணியது கிளீட்டஸின் மைத்துனன்.
நோட்டு வந்தது, அட்டையெல்லாம் டீசல் வாடை.
"இதுல அந்தக் கை கோலும் உண்டா?"

முப்பது வருடத்துக்கு முந்தைய பொழியூர் ஃபைனல்
மேசைமேல் ஏறி நின்றுகொண்டது.

"தோளுலே பட்டது."
"முட்டுக்குக் கீழயுமாடே தோளு?"
"பந்துதான் வந்து தொட்டுது, அவன் போய்த் தொட்டானா?"
எல்லைக்கு அந்தப் பக்கம் இன்றும்
ஏலத்தில் நம் ஆள் விலை சொன்னால்
கையைக் கட்டிக்கொண்டு சொல்லச் சொல்கிறார்கள்.

வருவேல் எழுந்து பனியடிமை என்றார்.
"ஒரு கோல் அடிக்கலை. ஆனா
அவன் நின்ன பக்கமா எவனும் அடிக்கலை."
"வராத கோலை எந்த நோட்டுலே எழுத?"
வருவேல் உட்கார்ந்தார். அவரிடம் நோட்டு கிடையாது.

பிறகு யாரோ, மெதுவாக: பெல்லார்மின்.

மின்விசிறி சுற்றுவது கேட்டது.
நாற்பத்து நான்கு வயதிலும் கோல் காத்தவர்.
கடைசி ஆட்டம் ஈஸ்டர் திங்கள், இரண்டு பெனால்டி பிடித்தார்.
படகு போனது செப்டம்பரில். ஆறு வருடம்.
விதி ஒன்றுக்கு வருடம் சரிதான்,
அவர் எப்போது நிறுத்தினார் என்பதுதான்
எங்களில் ஒருவருக்கும் சொல்ல வாய் வரவில்லை.

லீமாவிடம் கேட்க ஆள் போனது.
அவளே வந்தாள், கையில் செதில் காயாமல்.
"தாசில்தார் கொண்டுவந்த தாளிலேயே
நான் இன்னும் ஒப்பு போடலை.
ஒங்க சுவத்துல போடுவேனா?"
வாசலில் திரும்பி நின்று,
"கிளீட்டஸ் அண்ணன் கையாலதான் அடிச்சாரு.
எதிர் கோடியிலே நின்ன எங்க ஆளுக்கே தெரிஞ்சுது.
பக்கத்துலே கொடி பிடிச்சிருந்தவருக்குத்தான்
கண்ணுல மண்ணு."
யாரையும் பார்க்கவில்லை. போய்விட்டாள்.

கொடி பிடித்திருந்தவன் நான்.
அன்று லைன்ஸ்மேனுக்குக் காய்ச்சல்.
பதினேழு வயதில் ஒரு சிவப்புத் துணியைத் தந்து
ஓடு என்றார்கள். ஓடினேன்.
பந்து மணிக்கட்டில் பட்டுத் திரும்பிய சத்தம்
நனைந்த தோலில் அடித்தது போல.
பிறகு ஊர் முழுக்க என் மேல் விழுந்து கட்டிப் பிடித்தது.
துணி எந்தக் காலின் கீழ் போயிற்றோ.

எட்டுக்கு எட்டு.
செயலாளன் வாக்குதான் பாக்கி.
பாறசாலையிலிருந்து வந்த பெயின்டர்
நீலம் உறையுந்நு என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான்.
"கிளீட்டஸ் வேண்டாங்கிறவங்க கை தூக்குங்க"
என்று தலைவர் முடிக்குமுன்
தூக்கிவிட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே
டீ கிளாஸோடு சாய்ந்திருந்த கிளீட்டஸ்
பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.
"இப்பவாவது தூக்கினியேடே" என்றார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை, வாயில் டீ.
மைத்துனன் நோட்டை எடுத்துக்கொண்டு
யாரிடமும் சொல்லாமல் இறங்கினான்.

பனியடிமைக்கு மறுபடி வாக்கெடுக்கலாம் என்றார் வருவேல்.
யாருக்கும் கை எழவில்லை, இருட்டியும் விட்டது.
பெயின்டர் டேப்பை விரித்து
ஆறு பெயருக்குச் சுவரைத் திரும்ப அளந்தான்.