எந்தத் தலைப்பில்

ஐயா,
தங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது.
அஞ்செட்டியில் பஸ் டிரைவர் வாங்கி
பால்கேனோடு கொடுத்தனுப்பியதில்
ஓரத்தில் கொஞ்சம் மோர் வாசனை.

பேலத்தொட்டிப் பள்ளியின் வரவுப் பதிவேட்டில்
'ராகி, பதினேழு மூட்டை' என்றிருப்பது
எந்தத் தலைப்பில் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.
நானும் தேடினேன்.
பராமரிப்புக்குக் கட்டம் இருக்கிறது,
பினாயிலுக்கு இருக்கிறது,
ராகிக்கு இல்லை.
நடந்ததை எழுதுகிறேன்,
தலைப்பைத் தாங்கள் போட்டுக்கொள்ளலாம்.

இங்கே இரண்டு பணியிடம்.
ஒன்று நான்.
மற்றது ஒரு நாற்காலி.
நான்கு வருடமாக அதில்
சாக்பீஸ் டப்பா உட்கார்ந்திருந்தது.

முப்பத்தொரு பிள்ளைகள், ஐந்து வகுப்பு,
யார் வீட்டிலும் தமிழில்லை.
முதல் வாரம் நான் பால் என்றேன்,
ஹாலு என்றார்கள்.
பல் என்றேன், ஹல்லு.
பத்து? ஹத்து.
'ப' வராத பிள்ளைகள் என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
(அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன், மன்னிக்கவும்.)
பிறகொரு நாள், பெயர்ப்பலகையில்
பள்ளி என்ற சொல்லை விரலால் தொட்டு
இரண்டாம் வகுப்பு ஹொன்னம்மா
ஹள்ளி என்று படித்தாள்.
ஹள்ளி என்றால் இங்கே ஊர்.
திருத்தப் போன கை
பாதியில் நின்றுவிட்டது.

ஆவணியில் எனக்கு மஞ்சள் காமாலை.
பதினாறு நாள் பூட்டிக்கிடந்தது.
மாற்றாக வரவேண்டியவர்
யானை என்று கேட்டதும் லீவு போட்டார்.
அவரைக் குறை சொல்லவில்லை,
யானை உண்மைதான்.
நான் திரும்பியபோது ஐந்து பேர் இல்லை.
பெங்களூரில், தாய் தகப்பனோடு,
பன்னிரண்டாம் மாடிக்குப் போகும் செங்கலை
எண்ணி அடுக்குகிறார்களாம்.
எண்ணக் கற்றுக்கொடுத்தது நான்.

அன்று மாலை கூட்டம் நடந்தது.
நான் கூட்டவில்லை.
சத்துணவு சமைக்கும் முனிரத்தினம்மா
சாம்பார்க் கரண்டியைக் கழுவாமலே வந்து
'இன்னொரு ஆளுக்கு எவ்வளவு ஆகும்?' என்றாள்.

தளி ரோட்டு ரோஜாப் பண்ணையில்
மொட்டுக்கு வலைத்தொப்பி மாட்டிக்கொண்டிருந்தாள்
சிக்கதேவி, இந்த ஊர் மருமகள், பி.எஸ்சி. கணிதம்.
பண்ணை தருவதை ஊர் தந்தால் வருவாளா?
வருவேன் என்றாள்.
பணம் இல்லை,
ராகி இருந்தது.
பரணில் விழித்திருந்து தகரம் தட்டி
யானை தின்றது போக மிஞ்சியதில்
வீட்டுக்குக் கால் மூட்டை.
முடியாதவர்களிடம் கேட்கவில்லை.
பசவன் மட்டும் முழு மூட்டை இறக்கினான்,
அவனுக்குப் பிள்ளையே கிடையாது.
ஏனப்பா என்றதற்கு,
'ஆனை கேட்டா தின்னுது,
இதுங்க கேட்கவும் தெரியாம நிக்குதுங்க' என்றான்.

டப்பா இப்போது ஜன்னலில் இருக்கிறது.
மூன்று பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.
மல்லேஷும் அவன் தங்கையும் வரவில்லை.
பெயரை நீக்கவா என்று
வருகைச் செயலி தினமும் கேட்கிறது.
அதற்குப் பதில் சொல்ல
பின்னாலிருக்கும் பாறையில் ஏறவேண்டும்.
ஏறியதும் போனுக்குச் செய்தி வரும்,
கர்நாடகம் தங்களை வரவேற்கிறது என்று.
ஆயிரம் முறையாவது வரவேற்றிருக்கும்.
நான் இன்னும் நீக்கவில்லை.

தணிக்கைக்கு இடைஞ்சலென்றால்
'இதர வரவு' என்று எழுதிக்கொள்ளுங்கள்.
மூட்டையை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

பி.கு.:
நேரில் ஆய்வுக்கு வருவதானால்
மூன்றரைக்குள் கிளம்பிவிட வேண்டும்.
பஸ் வரை கொண்டுவிட யார் முறை என்று
சமையலறைக் கதவில் கரியால் எழுதியிருக்கும்.
கடைசி வளைவில் வண்டியை அணைத்துவிட்டு
பேசாமல் இருக்கச் சொல்வார்கள்.
ஹாரன் அடிக்கக் கூடாது.
முதலில் குட்டி கடக்கும்,
பிறகு மற்றவை.