84 முதல் 94 வரை

டோர்லைஃபின் வாளியில்
விற்காத பகுதிதான் எனக்கு வேண்டியது:
இறால் தலை, குடல், பச்சையாய் ஒரு சாறு.
"இதற்கா இரண்டு பட்டம் வாங்கினாய்"
என்கிறான் என் தம்பி, கையுறையைக் கழற்றாமல்.
ட்ரோம்சோவில் நவம்பர் கடைசி.
சூரியன் போய் மூன்று நாள்.

அந்தக் குடலில் ஒரு நொதி.
இரண்டு டிகிரிக் கடலில்
மற்ற நொதிகள் சோம்பிக் கிடக்க
இது மட்டும் பரபரக்கும்.
நம் வயிற்றுச் சூட்டில் பத்து நிமிடம் வைத்தால்
அவிந்த முட்டையின் கதிதான்.

ஏழு மாதம்.
ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு சொட்டுகள்.
ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்துக்
குறிப்பேட்டில் "தெளிவு" என்று எழுதினேன்.
தெளிவு என்றால் ஒன்றும் இல்லை என்று பொருள்.
சில நாள் "தூசி".
தூசி வந்த நாளில் கேக் வாங்கினோம்.

மாரெத்தான் தன் கலைமான்தோல் காலணியிலிருந்து
ஒரு மயிரைப் பிடுங்கினாள்.
அதன் நுனியால் அந்தத் தூசியைத் தொட்டு
புதுச் சொட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்,
நகத்துக்குச் சாயம் பூசும் அலட்சியத்தோடு.
வியாழன் காலை
கோடு போன வழியெங்கும் படிகங்கள்.
கட்டுரையில் அதை "இயற்கை இழை" என்று எழுதினோம்.
மாரெத்துக்கு அதில் இன்றும் கோபம்.
எந்த மானின் மயிர் என்றுகூட அவளுக்குத் தெரியும்.

திரவ நைட்ரஜனில் உறைந்து
அவை பிரான்சுக்குப் பறந்தன.
கிரெனோபிளில் எலக்ட்ரான்கள் சுற்றும் வளையத்தின் ஓரம்
ஓர் இயந்திரக் கை அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து
எக்ஸ்ரேக்கு நேராய்ப் பிடித்தது.
இங்கே நான் போர்வைக்குள்,
மடிக்கணினியோடு, இரவு இரண்டு மணி.
திரை நிறையப் புள்ளிகள்:
ஒழுங்கு தப்பாத பெரியம்மை.

கணக்கு முடிந்து வரைபடம் வந்தது.
நீல வலைக்குள் ஒவ்வொரு அணுவாய்க் கோத்தேன்.
ஆறு கார்பன் கூடிய இடத்தில்
நடுவே துளை தெரிந்தது, ஊசிக்காது போல.
அழுதேனா என்று ராக்ன்ஃப்ரிட் கேட்டாள்.
மூக்குச் சளி என்றேன்.

எண்பத்து மூன்று வரை வலை இருந்தது.
தொண்ணூற்று ஐந்தில் மறுபடி இருந்தது.
நடுவில் பதினோரு அமினோ அமிலங்கள் இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் கறுப்பு.

கட்டிப் பார்த்தேன்.
இரைச்சலைப் பிடித்து முதுகெலும்பென்று நம்பி
ஒரு ஞாயிறு முழுக்கக் கட்டினேன்.
பிழைக் கணக்கு ஏறியது.
வரிசையைக் கொடுத்தால் வடிவம் சொல்லும் நிரலிடம் கேட்டேன்.
அதுவும் வளைவாய் ஒரு நூலைத் தொங்கவிட்டு
ஆரஞ்சு பூசியது.
எனக்குத் தெரியாது என்பதற்கு
அது வைத்திருக்கும் நிறம் ஆரஞ்சு.
அழித்தேன்.

"படத்தில் இல்லையென்றால் அங்கே இல்லையா?"
டோர்லைஃப் காப்பியை ஊதிக்கொண்டே கேட்டான்.
இருக்கிறது. நிறுத்துப் பார்த்தாயிற்று,
பதினொன்றின் எடையும் குறையவில்லை.
கோடிக்கோடிப் பேர் நிற்கும் குழுப் படம் அது.
உறைந்த நொடியில் அந்தப் பதினொன்றை மட்டும்
ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.
எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால்
கறுப்பு.
"குளிரிலும் அசைய முடிவதால்தான்
அது இரையைப் பிடிக்கிறது என்று நினைக்கிறேன்.
நினைக்கிறேன், அவ்வளவுதான்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"எங்கள் தளத்திலும் அப்படி ஒருத்தன்," என்றான்.
"பெரெண்ட். நின்ற இடத்தில் நிற்க மாட்டான்,
காலை உதைத்துக்கொண்டே வலை இழுப்பான்.
எந்தப் புகைப்படத்திலும் அவன் முகம் கலங்கல்தான்.
சம்பளம் மட்டும் சரியாக வாங்கிவிடுவான்."

தரவு வங்கியின் படிவத்தில்
ஒரு கட்டம் நிரப்பாமல் இருந்தது.
காணாதவை: 84–94.
அரை நாள் யோசித்து
வேறொன்றும் சேர்க்காமல் அனுப்பினேன்.

மிச்ச இறாலை அன்றிரவு அவித்தோம்.
கொதிநீரில் போட்ட கொஞ்ச நேரத்தில்
உள்ளே அசைந்துகொண்டிருந்தவை எல்லாம் குலைந்து ஓய்ந்திருக்கும்.
உப்பு சற்றுத் தூக்கல்.
இரண்டு கிலோவையும் தின்று தீர்த்தோம்.