ஏழாம் எண் அங்கி

நைவாஷா ஏரிக்கரையில்,
ரோஜாப் பண்ணையின் பின்கட்டில்
எனக்கு ஒரு தொட்டி, ஒரு குழாய், ஒரு கம்பிக்கொடி.
மருந்தடிக்கும் ஆட்கள் ஒன்பது பேர்.
அங்கிகள் ஒன்பது.
முதுகில் எண் போட்டது நான்தான், கறுப்புப் பெயின்ட்டில்.
ஆறும் ஒன்பதும் குழம்பக்கூடாதென்று
ஆறுக்குக் கீழே ஒரு கோடு.

இங்கே நுரை வெள்ளையாக வராது.
முதல் அலசலில் மஞ்சள்,
அடுத்ததில் திரிந்த பாலின் நிறம்,
மூன்றாவதில்தான் தண்ணீர் தண்ணீராகும்.
அதையும் ஏரிக்கு விடுவதில்லை,
கரி நிரப்பிய குழி குடித்துக்கொள்ளும்.
கையுறையைக் கழற்றுமுன்
கையுறையோடே கை கழுவு என்று
வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னார்கள்.
யார் கேட்டாலும் நானும் அதையே சொல்வேன்.
யாரும் கேட்பதில்லை.

ஜனவரி கடைசி.
காதலர் தினத்துக்குப் பதினேழு நாள்.
பசுமைக்குடில் வாசலில் சிவப்புக் கொடி
ஏறுவதும் தெரியும் இங்கிருந்து,
நேரம் ஆகுமுன்பே இறங்குவதும் தெரியும்.
அது கெமுந்தோவின் சண்டை,
கைக்கடிகாரத்தோடு கொடிக்கம்பத்தடியில் நிற்கிறாள்.
என் சண்டை துணியோடு.

திங்கள் மாலை கம்பியில் எட்டு.
செவ்வாயும் எட்டு.
வாயிற்காவலன் ஒவ்வொரு பையாகப் பிரித்துப் பார்க்கிறான்,
ஒரு மொட்டு வெளியே போய்விடக்கூடாது.
ஸ்வெட்டருக்குள் ஓர் அங்கி போவது
அவன் பட்டியலில் இல்லை.

புதன்கிழமை, வேலை விட்டதும்,
கராகிட்டாவில் ஒடுவோரின் தகர அறைக்குப் போனேன்.
கரியடுப்புக்கு மேல் கயிறு கட்டி
ஏழாம் எண் தொங்கிக்கொண்டிருந்தது.
அதன் கைநுனியிலிருந்து சொட்டியது
கீழே வாளியில் ஊறிய
சின்னவளின் பள்ளி ஸ்வெட்டர்மேல்.

வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவு
நாக்கு நுனியில் இருந்தது.
அவன் முந்திக்கொண்டான்:
"துவைத்துத் தருகிறாய் மொரா, சரி.
ஒரு நாளாவது காயவைத்துத் தந்திருக்கிறாயா?
விடிகாலை ஐந்தரைக்கு, ஏரிக்குளிரில்,
அந்த ஈரத்தை நீ மாட்டிப் பார்."

அவன் மனைவி அடோங்கோ வாய் திறக்கவில்லை.
வாளியிலிருந்து கையை எடுத்தாள்,
கையுறை பார்த்திராத கை,
விரலிடுக்குகளில் வெங்காயச் சருகாய்
உரிந்து நின்ற தோல்.

வசவு திரும்பி நடந்தது என்னோடு.
மாலை நாலுக்குத் துவைத்தால்
காலை ஐந்தரைக்குள் எந்தத் துணி காயும் இங்கே?
இது எனக்குத் தெரியாதா?
தெரியும்.
நாலு வருஷமாக எண்ணிக் கொடுத்தேன்,
தொட்டுப் பார்த்துக் கொடுக்கவில்லை.

வியாழன் காலை அறையைத் திறக்கவில்லை.
சாவி என் இடுப்பில்.
ஒன்பது பேர் வெறும் சட்டையோடு வரிசையில்,
மருந்து வண்டி உறுமிப் பார்த்து ஓய்ந்தது.
மேலாளர் முதுரி வந்தார், காலையுணவு பாதியில்.
"துணிதானே, மொரா!"
"துணிதான். ஈரத் துணி."
"பூவில் பூச்சி விழுந்தால் யார் பொறுப்பு?"
யாரும் பதில் சொல்லவில்லை.
லெமாயன் தொண்டையைச் செருமினான்,
ஏதோ பேசப்போகிறான் என்று அவர் திரும்பிப் பார்த்தார்.
அவன் பேசப்போகவில்லை.
ஆறு மாதமாகவே அவன் செருமிக்கொண்டுதான் இருக்கிறான்.

பத்தரைக்கு வெயில் கம்பிக்கு வந்தது.
மடிப்பு, அக்குள், கால்சட்டை மடக்கு,
ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தேன்.
எட்டும் காய்ந்தன,
இரவில் நான் சுமந்து வந்த ஏழாம் எண்ணும்.
பிறகு சாவி.

கூலியில் அரை நாள் போயிற்று.
ஆளுக்கு இரண்டு என்று கேட்டேன்,
ஆக மொத்தம் பதினெட்டு.
பிப்ரவரி ஆறாம் தேதி ஒரு பெட்டி வந்தது.
பிரித்தால் மூன்று.
பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எழுதினேன்.
அடோங்கோவுக்கு ஒரு ஜோடி கையுறை
கணக்கில் காட்டாமல் கொடுத்தனுப்பினேன்.
வாளியை என்ன செய்தாள் என்று கேட்கவில்லை.

இப்போது மாலைகளில்
பன்னிரண்டைக் கொடியில் போட்ட பிறகும்
நான் உள்ளே போவதில்லை.
மிச்சக் கம்பியில்
ஆறு அங்கிக்கான கிளிப்புகளை
இடம் விட்டு இடம் விட்டு
மாட்டி வைக்கிறேன்.
முதுரி அந்தப் பக்கமாகத்தான்
வீட்டுக்குப் போக வேண்டும்.