முப்பத்தொன்றாம் பத்தி

பதினான்கு நாள் தொலைநிலை நல்கை.
ஒரு ஹெட்செட், இருபது ஜிபி டேட்டா,
மாநாட்டு அரங்குக்குள் நுழைய ஒரு கடவுச்சொல்.
இரண்டு கட்டுரை கட்டாயம்.
விமானத்தில் நான் வராததால்
இத்தனை கிலோ கார்பன் மிச்சம் என்று
கடிதத்தின் அடியில் பெருமையாக ஒரு வரி.
மிச்சம் பிடிக்கப்
பாகாசோலாவில் கார்பன் எங்கே இருக்கிறது?
ஊருக்கே ஏழு லாரி.
எங்கள் வானொலிக்கு ஒரு ஜெனரேட்டர்,
அதுவும் இருமிக்கொண்டு.

அங்கே காலை பத்து என்றால்
சாட் ஏரிக்கரையில் இரவு இரண்டு.
ஆங்கிலத்தில் யாரோ பேச
பிரெஞ்சில் ஒரு பெண் என் காதுக்குள் பேசுவாள்.
எண்கள் வந்தால் அவளுக்கு மூச்சு வாங்கும்.
அமைச்சர்களைவிட அவளை எனக்கு நன்றாகத் தெரியும்.

தேநீருக்கு எல்லோரும் எழுந்து போன பிறகும்
காமிரா நாற்காலிகளைக் காட்டிக்கொண்டிருக்கும்.
டேட்டா கரைவது தெரிந்தும் பார்த்துக்கொண்டிருப்பேன்.
ஒன்றில் யாரோ சாம்பல் நிறச் சால்வையை மறந்திருந்தார்.
பதினான்கு நாளில்
யாரும் எனக்கு விளக்காமல் நானே கண்டது
அது ஒன்றுதான்.

ஐந்தாம் இரவு, கை தூக்கினேன்.
திரையில் மஞ்சளாக ஒரு சின்னக் கை.
நாற்பது நிமிடம் தூக்கியபடியே இருந்தது.
அதற்கு வலிக்காது.
"சாட்டிலிருந்து கல்துமா, கேளுங்கள்."
வரைவின் முப்பத்தொன்றாம் பத்தியில்
ஏரிகள் என்ற சொல்லை மட்டும் ஏன்
என்று தொடங்கினேன்.
பெட்ரோல் தீர்ந்தது.
ம்போடூ கேனைத் தூக்கிக்கொண்டு ஓடியது
இருட்டில் கேட்டது.

மறுநாள் பதிவில் பார்த்தேன்.
"மிக முக்கியமான கேள்வி" என்கிறார் அவர்,
கேட்டு முடிக்காத கேள்வியை.
"இணைப்பு போய்விட்டது போலிருக்கிறது. அடுத்தவர்?"

ஒத்துப்போகாத சொல்லை
அவர்கள் அடைப்புக்குறிக்குள் வைக்கிறார்கள்.
வயிறு பெருத்து உள்வளைந்த இரண்டு கோடுகள்,
எங்கள் கூரி மாட்டின் கொம்புகள் மாதிரி.
அந்தக் கொம்புகளோடு மாடு
தீவுக்குத் தீவு நீந்திப் போகும்.
இந்தக் கொம்புகளுக்கு நடுவே
ஒரு சொல் கரையேறாமல் கிடக்கிறது,
மூன்று மாநாடுகளாக.

காலை ஆறரைச் செய்திக்கு
அந்தப் பத்தியைக் கனெம்பு மொழியில் எழுதினேன்.
எல்லாச் சொல்லுக்கும் ஒரு சொல் கிடைத்தது.
அடைப்புக்குறியை எப்படி வாசிப்பது?
கடைசியில்
குறி திறக்கும் இடத்தில் சும்மா இருந்தேன்,
மூடும் இடத்தில் சும்மா இருந்தேன்.
மைக் செத்துவிட்டதென்று
ம்போடூ கண்ணாடியைத் தட்டினான்.

மிஸ்டு கால் மட்டுமே கொடுக்கும் ஃபல்மாத்தா
அன்று காசு செலவழித்துப் பேசினாள்.
டிஹே வடிக்கும் குட்டையிலிருந்து.
பச்சைக் கூழை மணலில் ஊற்றும் சத்தம்
அவள் குரலுக்குப் பின்னால்.
"நடுநடுவே ஏன் நின்றாய்? அழுதாயா?"
"இல்லை. அந்த இடத்தில்
அவர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை."
"ஏரி என்று சொல்லுமுன் நின்றாயே."
"ஆமாம்."
"சொன்ன பிறகும்."
"ஆமாம்."
கூழ் ஊற்றுவது நின்றிருந்தது.
ஏதோ கேட்க வாயெடுத்தாள்,
காசு தீர்ந்து அழைப்பு அறுந்தது.
அவளும் நானும் இப்போது ஒரே கணக்கு.

இரண்டாவது கட்டுரைக்கு
மனித முகம் வேண்டும் என்று
நல்கையின் ஆசிரியர் கேட்டிருந்தார்.
எண்ணூறு சொல்லுக்கு மிகாமல்.
செய்தியிலிருந்து
நான் வாசிக்காத இடங்களை மட்டும் வெட்டி
ஒட்டி அனுப்பினேன்.
பதினோரு விநாடி.
உற்றுக் கேட்டால் ஜெனரேட்டர் இருமுவது கேட்கும்,
ம்போடூவின் விரல் கண்ணாடியில் படுவது கேட்கும்.

கனிவான மனிதர். உடனே பதில் போட்டார்:
அன்புள்ள கல்துமா,
கோப்பில் ஒலி இல்லை.
மறுபடி அனுப்பவும்.