பிற செலவு

அப்பிங்டன் சிறைப் பதிவறையில்
ஒரே காலையில் ஆறு தாள்,
ஆறும் வேறு வேறு பிளாக்கிலிருந்து.
காரணம் மட்டும் ஒன்று:
ரீம்வாஸ்மாக்கில் அடக்கம், சனிக்கிழமை,
கத்ரீனா ஸ்வார்ட்பூய்.

உறவு: மகன். மகன். மருமகன்.
தம்பி மகன். பேரன்.
ஆறாவதில் பென்சிலால்,
'அவளுடைய ஆடுகளை மேய்த்தவன்'.

ஜாமீனுக்கு நானூறு ராண்ட் இல்லாதவன் ஒருவன்.
ஆடு திருடியவன் ஒருவன்.
கத்தி எடுத்தவனும் உண்டு, மறைக்கவில்லை.

இனம் என்ற இடத்தில் நாலு கட்டம்.
'நாமா' என்று சொன்னவர்களுக்கெல்லாம்
'கலர்ட்' கட்டத்தில் டிக் அடித்தது என் கைதான்.
மேய்த்தவன் பெயரில் நாக்கைச் சொடுக்கும் ஓர் ஒலி;
அதற்கு எழுத்தில்லை, ஒரு புள்ளி வைத்தேன்.
டர்பனில் கப்பலிறங்கிய என் பாட்டன் பெயரையும்
எவனோ ஒரு குமாஸ்தா
இப்படித்தான் நறுக்கியிருக்கிறான்.

விதிப்படி ஒருவர் போகலாம்,
விலங்கோடு, இரண்டு காவலரோடு.
விலங்கிட்ட கை
பெட்டிக்கடியில் எப்படி நுழையும்?
அது விதியில் இல்லை.
மூத்தவன் தாளில் 'அனுமதி' குத்தினேன்.
மற்ற ஐந்தில் மற்ற முத்திரை.

திங்களன்று வண்டியோட்டி சொன்னான்:
பெண்கள்தான் தூக்கினார்கள்,
பள்ளிச் சீருடையில் ஒருத்தியும்.
மணலில் மூன்று தடவை இறக்கிவைத்தார்கள்.
மகன் பக்கத்தில் நடந்தான்,
கைகளை முன்னால் பிடித்துக்கொண்டு,
ஜெபிக்கிறவன் மாதிரி.
ஆடுகள் லாரி ஏறிவிட்டன.
அந்தப் பெண் இனிப் பள்ளிக்கு இல்லையாம்.

மாத முடிவில் கணக்கு எழுதினேன்.
டீசல், முப்பத்தொரு லிட்டர்.
காவலர் இருவருக்கு மிகைநேரம்.
பிற செலவு:
இல்லை.