எத்தனை மணிக்கு

"பெருந்துயர்" என்று எழுதியிருந்தேன்.
நிறோஜினி மிஸ், என்னைவிடப் பத்து வயது இளையவ,
பென்சிலால் கீழே கேட்டிருந்தா:
எத்தனை மணிக்கு?

கோபம் வந்தது. அடுத்த சனி
ஒட்டுசுட்டான் பக்கமே போகேல்லை.
பயறுக்கு மருந்தடித்தேன்,
பழுதில்லாத மோட்டரைக் கழற்றிப் பூட்டினேன்.

பிறகொருநாள்
முத்தையன்கட்டு வாய்க்காலில் கால் கழுவ,
விடிய நாலேகால் என்று வந்தது.
மற்றதெல்லாம் அதன் பின்னால்:

தம்பியின் ஒற்றைச் செருப்பு. இடதுகால்.
அறுந்த நீல வாரில் சட்டைப்பின்.
குத்திக் கொடுத்தது நான்.
இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று
சொன்னதும் நான்.

"துயர்" என்பதை வெட்டினேன்.
"பெரும்" தனியே நின்று பார்த்தது.
அதையும்.

வகுப்பில் வாசித்தபோது
நல்லாயிருக்கு என்று ஒருத்தரும் சொல்லேல்லை.
முன்வாங்கில் இருந்த கேதாரன்
எழும்பிப் போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு
இன்னொருக்கால் என்றான்.