பதினொரு முட்டைக்கோஸ்

சனிக்கிழமை இரவு பத்தேகாலுக்கு
நான் ஒரு பொத்தானை அழுத்துவேன்.
அதற்குமுன் அறிவிப்பாளர் ஸ்லாவொல்யூப்
தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார்:
"பதிவுப்பெட்டிகளைத் தயாராக வையுங்கள்.
இனி நான்கு நிமிடம்
யாருக்கும் எதுவும் புரியாது."

பிறகு அது கிளம்பும்.
தகரத்தை ஆணியால் கீறுவதுபோல்,
கீறிய இடத்திலேயே மறுபடி கீறுவதுபோல்.
சுபோதிட்சாவிலிருந்து சமவெளி முழுக்க
வானொலிப் பெட்டிகள் பல்லைக் கூசவைக்கும்.
அந்த இரைச்சலுக்குள்தான் மென்பொருள் இருக்கிறதாம்.
நான் பார்த்ததில்லை.
என் வீட்டில் கணினி கிடையாது.
தபால்காரன் கடிதத்தைப் படிப்பதில்லையே, அப்படி.

தொலைபேசி அடிக்கும்.
"கோபுரம் சாய்ந்துவிட்டதா?" என்பார் ஒரு லாரிக்காரர்.
"இல்லை, பால் கணக்கு போடும் நிரல்" என்பேன்.
கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது.
"குடித்திருக்கிறாயா தம்பி?"

எண்பத்தைந்து செப்டம்பரில்
எதெல்கா பாலிந்த் எழுதிய முதல் அட்டை வந்தது.
பால் கூட்டுறவில் கணக்கெழுதுகிறாள்,
இருபத்து மூன்று வீடுகள்.
வியன்னாவிலிருந்து உள்ளாடை மூட்டைக்குள் ஒளிந்து
எல்லை தாண்டி வந்த கணினி அவளுடையது;
சுங்க அதிகாரி வெட்கப்பட்டு மூட்டையை மூடிவிட்டாராம்.

"ஐயா, உங்கள் நிரல் நூற்றுநாற்பதாம் வரியில் செத்துவிடுகிறது.
நாடாவைக் காதில் வைத்துக் கேட்டேன்.
இரைச்சலுக்கு நடுவே
டிக்.
நொடிக்கொரு டிக்.
எங்கள் மேய்ச்சல் நிலத்து மின்வேலி அது.
வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.
அடுத்த வாரம் மறுபடி ஒலிபரப்ப முடியுமா?
அந்த நான்கு நிமிடம் மட்டும்
வேலியை அணைத்துவைக்கிறேன்."

மறுபடி ஒலிபரப்பினேன்.
என் வேலையில் அப்படி ஒரு இரவு வந்ததில்லை.
யாரோ ஒரு பெண் இருட்டில் ஓடிப்போய்
ஒரு விசையைக் கீழே தள்ளிவிட்டு,
ஓடிவந்து
நான் அனுப்புவதைப் பிடிக்கிறாள் என்று
தெரிந்தே பொத்தானை அழுத்தினேன்.
வழக்கமாய் அந்நேரம் வெளியே போய்ப் புகைப்பேன்.
அன்று உட்கார்ந்து
முழுச் சத்தத்தையும் கேட்டேன்.

இரண்டாவது அட்டை:

"நாடா சுத்தம். நிரல் ஓடுகிறது. நன்றி.
ஆனால் மாடுகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.
நான்கே நிமிடம்தான், ஐயா.
ஸ்டிபான் குயுன்ஜிச்சின் தோட்டத்தில்
பதினொரு முட்டைக்கோஸ் போச்சு.
அவர் மண்வெட்டியோடு வந்து
கணினியைப் பார்க்கவேண்டும் என்றார்.
காட்டினேன்.
'இந்தச் சோப்புப்பெட்டிக்கா?' என்றார்."

கூடவே ஒரு கேசட்.
நிரலை அவள் திருத்தியிருந்தாள்:
கொழுப்பு விகிதம், ஞாயிற்றுக்கிழமைப் பால்,
தினாரின் விலை வாரம் ஒருமுறை மாறுவதற்கு ஒரு கட்டம்.
"எல்லோருக்கும் பயன்படட்டும்" என்று
உறையில் பென்சிலால் எழுதியிருந்தது.

பயன்படட்டும் என்றுதான் ஒலிபரப்பினேன்.
மூன்று சனிக்கிழமை.
எத்தனை சமையலறைகளில், எத்தனை விடுதி அறைகளில்,
யார் யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு
நாடாவைச் சுழலவிட்டார்களோ.

நவம்பரில் கடிதங்கள் குவிந்தன.
நிரல் நன்று, மிக நன்று.
ஆனால் சோம்போரில் ஒரு தையற்காரி,
வர்ஷாட்ஸில் திராட்சை எடை போடுபவன்,
நிஷ் நகரத்துப் பல்மருத்துவர் ரதோமிர்:
எல்லாருக்கும் ஒரே சந்தேகம்.

"அன்புள்ள நிலையத்தாருக்கு,
நான் பற்களை எண்ணத்தான் இதைப் பயன்படுத்துகிறேன்.
கணக்கு பிசகுவதே இல்லை.
ஆனால் ஒவ்வொரு மாதமும் கடைசி வரியில்
'பதினொரு முட்டைக்கோஸ் கழிவு' என்று வருகிறது.
நூற்றுநாற்பத்தைந்தாம் வரியை அழிக்கப் பயமாயிருக்கிறது,
வேறெதுவும் கூடவே இடிந்துவிடுமோ என்று.
நான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன்?"

நிலையத்தின் தாளில்,
நிலையத்தின் முத்திரையோடு,
எல்லாருக்கும் ஒரே பதில் எழுதினேன்:
ஸ்டிபான் குயுன்ஜிச்,
மேய்ச்சல் நிலத்துக்குக் கிழக்கே இரண்டாவது வீடு.
மண்வெட்டி வைத்திருப்பார்.